தத்துவ வகுப்புக்கு ஐந்து நட்சத்திரம்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணியிலிருந்து மதியம் ஒரு மணி வரை நான் தத்துவ வல்லுநராக இருந்தேன்.

சிரிக்காதீர்கள். மேசையில் என் பெயருக்குக் கீழே அப்படித்தான் அட்டை அடித்து வைத்திருந்தார்கள். இருபத்தாறு வருடம் இன்ஷூரன்ஸ் ஆபீசில் ஃபைல் தள்ளியவள், வாரம் ஒரு முறை உங்களோடு இந்த இடத்தில் வம்பளப்பவள்... எப்படி வல்லுநர் ஆனேன்?

ஒரு போன்கால்தான் காரணம். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம். அதன் முதல்வர் பேசினார்.

"மேடம், நீங்க எழுதின 'புளிமுளத்தின் தத்துவம்' வாசிச்சேன். ரொம்ப ஆழம்."

புளிமுளம் எங்கள் ஊர் மீன்குழம்பு. அந்தப் பத்தியில் இருந்த ஒரே ஆழம் சட்டியின் ஆழம்தான். சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"எங்க காலேஜுல 'தத்துவ அறிமுகம்'னு ஒரு விருப்பப் பாடம் இருக்கு. அதைத் தொடரணுமா வேண்டாமான்னு முடிவு பண்ண ஒரு கமிட்டி. வெளியாள் ஒருத்தர் வேணும், பெண் உறுப்பினர் ஒருத்தர் வேணும். நீங்க வந்தா ரெண்டும் முடிஞ்சிரும்."

ஆக, ஒரு கல்லில் இரண்டு மாங்காய் அல்ல — இரண்டு காலி நாற்காலிக்கு ஒரே ஆள். பெருமையாகத்தான் இருந்தது. ஒத்துக்கொண்டேன்.

நாகர்கோவிலிலிருந்து பஸ் பிடித்து, மார்த்தாண்டம் நெரிசலில் முக்கால் மணி நேரம் பொறுமை காத்து, போய்ச் சேர்ந்தேன். வரவேற்பு பலமாக இருந்தது. டீ, பழம்பஜ்ஜி, மல்லிகைப்பூ வாசனையோடு ஒரு ஃபைல். "வந்ததுக்கு ஒரு கையெழுத்து மேடம்" என்று ஒரு தாளை நீட்டினார்கள். ஒரு கையில் பழம்பஜ்ஜி இருந்ததால் இன்னொரு கையால் போட்டேன்.

கமிட்டியில் ஐந்து பேர். முதல்வர், மூன்று துறைத்தலைவர்கள், அப்புறம் வல்லுநராகிய நான். ஓரத்தில், கமிட்டியில் சேராத ஆறாவதாக ஒரு இளம்பெண். ஜெபிஷா. கருங்கல்காரி. திருவனந்தபுரத்தில் தத்துவம் படித்துவிட்டு, இங்கே கௌரவ விரிவுரையாளராக இரண்டு வருடமாக அந்தப் பாடத்தை எடுப்பவள். பாடம் போனால் அவளும் போக வேண்டியதுதான். பஜ்ஜித் தட்டு அவள் பக்கம் போகவே இல்லை.

"மாணவர்களோட கருத்துதான் நமக்கு முக்கியம்" என்று சொல்லி, முதல்வர் படிவக் கட்டை என்னிடம் தள்ளினார். நாற்பத்திரண்டு பேர் எழுதிக் கொடுத்த கருத்துப் படிவங்கள். ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை தருகிறாய் என்று டிக் போட வேண்டும். கீழே இரண்டு வரி எழுத வேண்டும்.

ஐந்து, ஐந்து, ஐந்து... புரட்டப் புரட்ட வானம் மாதிரி நட்சத்திரமாக இருந்தது.

'பாடம் மிகவும் பயணுள்ளதாக இருந்தது.' இது ஒருவர் எழுதியதல்ல. பதினேழு பேர். பதினேழு பேருக்கும் அதே மூன்று சுழி. யாரோ ஒரு புண்ணியவான் முதலில் எழுதி, படிவம் பெஞ்சு பெஞ்சாகப் பயணம் போயிருக்கிறது. அந்த வகையில் பயணுள்ளதுதான்.

மற்றவர்கள் சொந்தமாக யோசித்திருந்தார்கள்.

'மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியடில் வைத்ததற்கு நன்றி.'

'தத்துவம் என்றால் சாமியார் சமாச்சாரம் என்று நினைத்தேன். அது இல்லை என்று தெரிந்துகொண்டேன். எது என்று இன்னும் தெரியவில்லை.'

'கேள்விதான் முக்கியம், பதில் அப்புறம் என்று மிஸ் சொன்னார்கள். பரீட்சைத்தாள் திருத்துகிறவர்களுக்கும் இதைச் சொல்லவும்.'

இன்னொன்று. அதை இரண்டு தடவை வாசித்தேன். 'இந்தப் பாடம் வேலை கிடைக்க உதவாது. வேலை கிடைக்காதபோது உதவும் என்று நினைக்கிறேன்.' இந்தப் பையனுக்கோ பெண்ணுக்கோ என் வல்லுநர் அட்டையை எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

கட்டின் அடியில் ஒரே ஒரு படிவம் தனியாகக் கிளிப் போட்டு இருந்தது. ஒற்றை நட்சத்திரம். கீழே எழுதியிருந்தது: 'இந்தப் பாடம் இந்தக் கல்லூரிக்குப் பொருந்தவில்லை. பாடத்தை எடுத்துவிடுங்கள், அல்லது கல்லூரியை மாற்றுங்கள்.'

'பாடத்தை எடுத்துவிடுங்கள்' என்பதன் கீழே சிவப்பு மையில் கோடு. முதல்வர் போட்டது.

"பாத்தியளா மேடம், பிள்ளையளே வேண்டாங்குதாவ."

"நாற்பத்தொரு பேர் வேணும்னு சொல்றாங்களே சார்?"

"அதொக்கெ சும்மா எழுதினது மேடம். யோசிச்சு எழுதினது இது ஒண்ணுதான்."

ஒரு கல்லூரி முதல்வர் தன் மாணவர்களைப் பற்றி இவ்வளவு மனம்திறந்து பேசி நான் கேட்டதில்லை.

பாடத்துக்குப் பதிலாக என்ன வரப்போகிறது என்று கேட்டேன். 'நேர்மறைச் சிந்தனையும் ஆளுமை வளர்ச்சியும்' என்றார் ஒரு துறைத்தலைவர். சொல்லும்போதே அவர் முகத்தில் ஆளுமை வளர்ந்தது.

பிள்ளைகள் இரண்டு பேரைப் பார்க்க வேண்டும் என்றேன். வல்லுநர் கேட்டால் மறுக்க முடியுமா? ஐந்து நட்சத்திரத்தில் ஒருத்தர், ஒற்றை நட்சத்திரம் ஒருத்தர் என்று கூப்பிட்டு அனுப்பினார்கள். படிவத்தில் பெயர் இல்லை; ஆனால் அந்த ஒற்றை நட்சத்திரக் கையெழுத்து யாருடையது என்று முதல்வருக்குத் தெரிந்திருந்தது.

முதலில் சஜின் வந்தான். பூதப்பாண்டிப் பையன், பிபிஏ இரண்டாம் வருடம். தலைமுடியைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருந்தான். 

"தத்துவப் பாடம் எங்கள் ஆளுமையை மேம்படுத்தியது" என்று ஆரம்பித்தான்.

"இது யாரு சொல்லித் தந்தது மக்கா?"

முதல்வரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "வெளியாள் கேட்டா இப்படித்தான் சொல்லணும்னு வாற வழியில சொல்லித் தந்தாவ மேடம்."

"சரி. உனக்கு என்ன தோணிச்சு?"

"உள்ளதச் சொன்னா, நல்ல ஒறக்கம் வரும் பாத்துக்கிடுங்க. காலையில அப்பாகூட வயலுக்குப் போயிட்டு பஸ் புடிச்சி வாறேன். வேற கிளாஸ்ல ஒறங்குனா எழுப்பி வெளிய விடுவாவ. ஜெபிஷா மிஸ் எழுப்பமாட்டாவ. ஆனா கண்ண மூடிட்டு இருந்தாலும் சிலது காதுல விழும் மேடம். அது போவ மாட்டேங்கு."

"எது போகல?"

"ஒரு கப்பலுல ஒவ்வொரு பலகையா மாத்திட்டே வந்தா, கடைசியில அது பழைய கப்பலா புதுசான்னு கேட்டாவ. எங்க வீட்டு டிராக்டர நெனச்சேன். எஞ்சினு, டயரு, சீட்டு ஒக்கெ மாத்தியாச்சு. அப்பா இன்னும் தாத்தா வாங்கின டிராக்டருன்னுதான் சொல்லுகாவ. அன்னைக்கு மட்டும் ஒறங்கல்ல."

ஓரத்தில் ஜெபிஷா சட்டென்று தலை குனிந்துகொண்டாள். சிரிப்பை மறைக்கவா, கண்ணை மறைக்கவா, தெரியவில்லை.

அடுத்து ஒற்றை நட்சத்திரம். குளச்சலைச் சேர்ந்த ஷமீமா, பி.காம். மெலிந்த பெண். முக்காட்டை இழுத்துச் சரி செய்தபடி, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றாள்.

"ஏன் மக்களே, பாடம் பிடிக்கலியா?"

"பாடம் பிடிச்சிது மேடம். அதாக்கும் பிரச்சனை."

"என்ன பிரச்சனை?"

"எதையும் நம்புகதுக்கு முந்தி காரணம் கேக்கணும்னு மிஸ் சொன்னாவ. கேட்டேன். இங்க கிழக்குப் படியில ஆம்பிளப் பிள்ளைய, மேற்குப் படியில நாங்க. லைப்ரரி கிழக்குப் படிக்கு நேர மேலயாக்கும். நாங்க கீழ எறங்கி, மேற்கால ஏறி, வராந்தா முழுக்க நடந்து போகணும். இடைவேளை பத்து நிமிசம். திரும்பி வந்தா லேட்டுன்னு வெளிய நிறுத்துதாவ. எதுக்கு ரெண்டு படின்னு எழுதிக் கேட்டேன். ஒழுக்கம்னு பதில் வந்து. அப்போ கிளாஸ்ல ஒரே ரூமுல இருக்கோமே... அங்க ஒழுக்கத்துக்கு லீவா?"



"பாத்தியளா மேடம்!" முதல்வர் இரண்டு கையையும் விரித்தார். "முதல் வருசம் எவ்வளவு அமைதியான பிள்ளை தெரியுமா?"

"அப்பவும் தோணிச்சி சார். சொல்லல்ல, அவ்வளவுதான்."

"செரி, நீதானே பாடத்தை எடுக்கச் சொல்லி எழுதின? எடுக்கப் போறோம். சந்தோசமா?"

அதுவரை நிமிர்ந்து நின்ற பெண்ணின் முகம் அப்படியே வாடிப்போனது. ஜெபிஷாவைப் பார்த்தாள். மறுபடி முதல்வரைப் பார்த்தாள்.

"ஐயோ சார், நான் அப்படி எழுதல்ல. 'அல்லது'ன்னு போட்டிருக்கேன். நீங்க எனக்க வாக்கியத்துல பாதிய மட்டும் எடுத்துட்டு... மிஸ்ஸுக்க வேலை போறதுக்கா நான் எழுதினேன்?"

அப்போதுதான் ஜெபிஷா முதலும் கடைசியுமாக வாயைத் திறந்தாள். "சார், 'அல்லது'ன்னு ஒரு வாக்கியத்துல இருந்தா, ரெண்டு பக்கமும் வாசிக்கணும். இது முதல் வாரப் பாடம்."

முதல்வர் முதல் வாரம் வரவில்லை போலிருக்கிறது.

எனக்கு வீரம் வந்தது. ஆமாம், அவ்வப்போது வரும். நிமிர்ந்து உட்கார்ந்து, "பாடம் தொடரணும்ங்கறதுதான் என் கருத்து. எழுதிக்குங்க" என்றேன்.

முதல்வர் பதறவில்லை. மிகுந்த மரியாதையோடு, நான் காலையில் கையெழுத்திட்ட தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். மேலே டைப் அடித்திருந்தது: 'தத்துவ அறிமுகப் பாடத்தை நிறுத்துவதென்று கமிட்டி ஒருமனதாகத் தீர்மானித்தது.' கீழே, எண்ணெய்க் கறையோடு, என் அழகான கையெழுத்து.

"மாற்றுக் கருத்துன்னு பக்கத்துல எழுதிரட்டுமா?"

"அதுக்கு இதுல காலம் இல்லையே மேடம்."

தாளில் அதற்கென்று கட்டம் இல்லை என்ற பொருளில்தான் 'காலம்' என்றார். எனக்கென்னவோ பொதுவாகச் சொன்ன மாதிரி இருந்தது.

அந்தத் தாளை அங்கேயே கிழித்திருக்க வேண்டும் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் இப்போது அப்படித்தான் நினைக்கிறேன். அன்றைக்குச் செய்தது என்ன? சால்வை போர்த்தினார்கள். குனிந்து வாங்கிக்கொண்டேன். வெளியே வராந்தாவில் ஷமீமா நின்றிருந்தாள்.

"மேடம், வாசிக்காமலா கையெழுத்துப் போட்டிய?"

குற்றம் சாட்டும் தொனி இல்லை. நிஜமாகவே காரணம் தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதுதான் சுட்டது. என் போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு பஸ்ஸ்டாப்புக்கு நடந்தேன். வழியெல்லாம் சால்வையை எங்கே ஒளித்துவைப்பது என்றே தெரியவில்லை.

மறுநாள் கல்லூரிக்குக் கடிதம் எழுதினேன். வாசிக்காமல் போட்ட கையெழுத்து அது, திரும்பப் பெறுகிறேன் என்று. பதிவுத் தபால். பதில்? கிணற்றில் போட்ட கல்.

பன்னிரண்டு நாள் கழித்து ஷமீமாவின் போன்.

"மேடம், பாடம் போகல்ல! மிஸ் இருக்காவ!"

என் கடிதம் வேலை செய்துவிட்டது என்று ஒரு நொடி... ஒரே ஒரு நொடி, நெஞ்சு விம்மியது.

"லெட்டரா? அது ஒண்ணும் எங்களுக்குத் தெரியாது மேடம். சஜினாக்கும் செஞ்சது."

நடந்தது இதுதான். நேர்மறைச் சிந்தனை வகுப்புக்கு ஒரு முன்னோட்டம் வைத்திருக்கிறார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை, தத்துவ வகுப்பு நடக்கும், சாப்பாட்டுக்கு அடுத்த அதே பீரியட். வாசலில் செல்போனைப் பெட்டியில் போட வேண்டும். உள்ளே யாரும் உட்காரக் கூடாது. ஒவ்வொருவராக நெஞ்சில் கைவைத்து, 'நான் வெற்றி பெறுவேன்' என்று மூன்று தடவை கத்த வேண்டும். சரியாகக் கத்தாதவர்களுக்கு இன்னும் மூன்று தடவை.

அன்று சாயங்காலமே சஜின் ஒரு தாளை எடுத்துவிட்டான். 'எங்களுக்குத் தத்துவமே வேண்டும்.' ஒரே மணி நேரத்தில் நாற்பத்தொரு கையெழுத்து. அத்தனை பேரும் வாசித்துவிட்டுப் போட்டார்கள் என்பதைக் கவனிக்கவும்.

"நீ முதல் ஆளா போட்டிருப்பியே?"

"இல்ல மேடம். நான் போடல்லன்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"அவனுவ ஒறங்குகதுக்குக் கேக்கானுவ. காரணம் தப்புல்லா?"

சஜின் அவளைப் பிடித்துக்கொண்டானாம். 'ஏட்டி, உனக்குக் காரணம் வேணுமா, மிஸ் வேணுமா?' அவள் ஒரு நாள் முழுக்க யோசித்திருக்கிறாள். அப்புறம் நாற்பத்திரண்டாவதாகக் கையெழுத்துப் போட்டு, கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: 'முடிவை ஏற்கிறேன். காரணத்தை ஏற்கவில்லை.' அதற்கென்று அந்தத் தாளில் காலம் ஒன்றும் இல்லை. ஓரத்தில், சாய்த்து எழுதினாளாம்.

நாற்பத்திரண்டு பேர் ஒரே தாளில் கேட்டால் கல்லூரிக்குக் கொஞ்சம் பயம் வரும். இந்த வருடம் முடியும் வரை பாடம் இருக்கும் என்று அறிவித்துவிட்டார்கள். அடுத்த வருடம்? மறுபடி கமிட்டி. வல்லுநர் தேவைப்படுவார். என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று நம்புகிறேன். கூப்பிட்டால் பஜ்ஜி சாப்பிட மாட்டேன்.

"படிக்கட்டு விஷயம் என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"மேற்குப் படிக்குப் பெயின்ட் அடிச்சாவ மேடம். அந்த ஒரு வாரமும் எல்லாரும் கிழக்குப் படியிலதான் ஏறினோம்."

"ஏதாவது ஆச்சா?"

"ஆச்சு. லைப்ரரிக்கு நேரத்துக்குப் போனோம்."

"இப்போ?"

"பெயின்ட் காஞ்சிட்டு மேடம். பழையபடி தனித்தனி. முன்ன 'பெண்கள்'னு சாக்பீஸ்லதான் எழுதியிருந்து. இப்போ பெயின்ட்ல பெருசா எழுதியாச்சு."

கேள்வி கேட்டால் பதிலே வராது என்று யார் சொன்னது? வருகிறது... முன்னைவிடப் பெரிய எழுத்தில்!