நோலீன் திரும்பிப் பார்க்கவில்லை

கார்மோடி கரை உயிர்காப்பு க்ளப்பின் ஆண்டு மலருக்கு, "மெர்வ், உங்க கதைய நீங்களே எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஓர் ஓட்டை லாரியில் தொடங்கினேன். இன்று இந்தக் கரையில் மண் அள்ளும் இயந்திரம் எது உறுமினாலும் அதன் கதவில் கேட்ச்போல் என்ற என் பெயர் இருக்கும். க்ளப்பின் மீட்புப் படகிலும் அதே பெயர்தான். என் கதை ஊருக்கே தெரியும். தெரியாதவர்களுக்கு நானே சொல்லியிருப்பேன். அதனால் நோலீன் ஹார்ட்டப்பைப் பற்றி எழுதுகிறேன்.

நோலீன் கடற்கரை மேட்டில் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் விற்பவள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சிவப்பு மஞ்சள் தொப்பியை மாட்டிக்கொண்டு மீட்புப் படகின் பின்முனையில் நிற்பாள். நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து துடுப்பு வலிப்போம். அவள் ஒருத்திதான் நின்றபடி, ஆள் உயரத்தைப் போல மூன்று மடங்கு நீளமான சுக்கான் துடுப்பைப் பிடித்துப் படகைத் திருப்புவாள். அந்த இடத்தில் ஒரு பெண்ணா என்று முணுமுணுத்த கிழவர்களை ஒரு நாள் படகில் ஏற்றி, பெரிய அலை தாண்டிக் கூட்டிப்போய்க் கொண்டுவந்து இறக்கினாள். இரண்டு பேர் மணலிலேயே வாந்தி எடுத்தார்கள். அப்புறம் யாரும் முணுமுணுக்கவில்லை.

அவளுக்கு ஒரே தம்பி, லிண்டன். பலகை மேல் நின்று கடலலையில் சறுக்கி விளையாடும் அலைச்சறுக்குக்காரன். எங்கள் ஊரில் க்ளப் ஆட்களுக்கும் அலைச்சறுக்குக்காரர்களுக்கும் எந்தக் காலத்திலும் ஆகாது. நாங்கள் கொடி நட்டு, விசில் ஊதி, இங்கே இறங்கு, அங்கே போகாதே என்போம். அது அவர்களுக்கு எரியும். கடலில் மாட்டிக்கொண்டவன் ஒரு கையை உயர்த்தினால் படகு வரும். இது நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும். ஆனால் எந்த அலைச்சறுக்குக்காரனும் எங்களைப் பார்த்துக் கை தூக்கி நான் கண்டதில்லை. தூக்கினால் சாகும்வரை மதுக்கடையில் அதைச் சொல்லியே சிரிப்பார்கள்.

ஒரு புயல் வந்து கரையைத் தின்று, சாலையின் ஓரத்தையும் கடித்துவிட்டுப் போன பிறகுதான் கடலுக்குள் ஒரு செயற்கைத் திட்டு கட்டும் பேச்சு எழுந்தது. பஸ் அளவு துணி மூட்டைகளில் மணலை அடைத்து, கரைக்கு எதிரே கடலடியில் அடுக்குவது. வருகிற அலை அதில் இடறி உடையும்; வேகம் தணியும்; பின்னால் மணல் தங்கும். உடைகிற அலை சறுக்குவதற்கும் பிரமாதமாக இருக்கும் என்றார்கள். நகர மன்றக் கூட்டத்தில் அக்காவும் தம்பியும் எதிரெதிரே எழுந்து நின்றார்கள்.

"கரைக்காகப் போடறீங்களா, போடுங்க," என்றாள் நோலீன். "அலைக்காகப் போடாதீங்க. அலை நல்லா உடையற எடத்துல ஆளும் மாட்டுவான். போய் இழுத்துட்டு வர்றது யாரு? நாங்க."

"விசில் ஊத இன்னொரு எடம் கெடைக்குதுன்னு சந்தோஷப்படு, நோல்," என்றான் லிண்டன்.

"மொத ஆளா நீதாண்டா கை தூக்குவ."

"செத்தாலும் உன் ஆளுங்களப் பாத்துத் தூக்க மாட்டேன்."

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்த இருவரும் சிரிக்கவில்லை. அதோடு அவர்களுக்குள் பேச்சும் நின்றுவிட்டது. அவன் மீன் வாங்க அடுத்த ஊருக்குப் போக ஆரம்பித்தான்.

மூட்டைகளை அடைத்தவன் நான். வேறு யாரிடம் கொடுப்பார்கள்? ஈர மணலைப் பம்பில் ஏற்றி, கல்லாய் இறுகும் வரை விடமாட்டேன். இதன் மேல் வீடே கட்டலாம் என்று பொறியாளர் தட்டிப் பார்த்துச் சொன்னார்.

திட்டு கரையைக் காப்பாற்றியது, அதில் சந்தேகமில்லை. சாலைக்கு முன்னால் மணல் அகன்று கிடந்தது. வடக்கே கொஞ்சம் மெலிந்தது, அங்கே வீடு வைத்திருந்தவர்கள் இன்னும் என்னை முறைக்கிறார்கள். மீன் நிறையச் சேர்ந்தது. அலைதான் ஏமாற்றியது. தெற்கிலிருந்து அலை வர வேண்டும், காற்று நிலத்திலிருந்து வீச வேண்டும், கடல் வற்றியிருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து வருவது கிறிஸ்துமஸ் வருவதைப் போல, வருஷத்துக்கு ஒரு தடவை.

அந்த ஏப்ரல் ஞாயிறு மூன்றும் சேர்ந்து வந்தது.

விடிந்ததும் அலைச்சறுக்குக்காரர்கள் எல்லோரும் திட்டின் மேல் இருந்தார்கள். கடல் ஏற ஏற, திட்டின் மேல் தண்ணீர் கூடி அலை மழுங்கியது. ஒவ்வொருவராகக் கரைக்கு வந்து காலைச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். லிண்டன் மட்டும் அங்கேயே இருந்தான். நாங்கள் படகைக் கழுவிக்கொண்டிருந்தோம்.

"உன் தம்பிக்குப் பசிக்காது போல," என்றேன்.

நோலீன் திட்டின் பக்கம் திரும்பினாள். கையில் இருந்த துணியைக் கீழே போட்டாள்.

"வர்ற அலையத் தவற விடறான்."

"என்ன?"

"ஒண்ணு போச்சு. பாத்துட்டுச் சும்மா இருந்தான். இப்ப இன்னொண்ணு." அவள் கண்ணை இடுக்கிக்கொண்டாள். "வருஷம் பூரா இந்த ஒரு நாளுக்குக் காத்துக் கெடக்கறவன், மெர்வ். இதையும் விடறான் பாரு."

மூன்றாவது அலை, இன்னும் உயிருள்ள நல்ல அலை, அவன் தலைக்கு மேல் ஏறிக் கடந்தது. எனக்கும் உறைத்தது. அவன் பலகை மேல் உட்கார்ந்திருக்கவில்லை. பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தான்.

"கை தூக்கலையே," என்றான் துடுப்புக்காரர்களில் ஒருவன்.

"அவன் தூக்க மாட்டான். படகத் தள்ளுங்கடா!"

திட்டின் ஓரமாக இருக்கும் ஆழமான பாதையில் வலித்துப் போனோம். கிட்டே போனதும் பார்த்தேன். தண்ணீர் அவன் கழுத்துக்கு இருந்தது. உதடு நீலமாகியிருந்தது.

"ஒரு கால் ரெண்டு மூட்டைக்கு நடுவுல போயிருச்சு," என்றான், எங்கள் யாரையும் பாராமல். "சும்மா ஒரு நிமிஷத்துல எடுத்துருவேன்."

"எவ்வளவு நேரமா அந்த ஒரு நிமிஷம்?" என்றாள் நோலீன்.

அவன் வாயைத் திறந்தான். தண்ணீர்தான் உள்ளே போனது.

படகில் எப்போதும் ஒரு கத்தி இருக்கும். அவள் அதை என் கையில் வைத்தாள். "நீ அடைச்ச மூட்டைதானே. போய் அறு."

குதித்தேன். மூழ்கித் தடவினேன். கணுக்கால் வரை அவன் கால் இடுக்கில் புதைந்திருந்தது. மூட்டையின் தையல் எங்கே ஓடும் என்று எனக்குத் தெரியும், அதைக் கிழித்தேன். துணி பிளந்தது. மணல் வரவில்லை. ஒரு பிடி கூடச் சரியவில்லை. என் வேலை அவ்வளவு கெட்டி. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, என்னைவிடச் சோம்பேறி எவனாவது இதை அடைத்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். நகத்தால் சுரண்டினேன். மூச்சு முட்டி மேலே வந்தபோது நோலீன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூரத்தில் கோடு கோடாக அலைக்கூட்டம் எழும்பி வந்தது, அன்று வந்ததிலேயே பெரியது. படகு அங்கேயே நின்றால் முதல் அலையே அதைத் தூக்கி எங்கள் இருவர் மேலும் போட்டுவிடும்.

"நோல்," என்றான் லிண்டன். அவள் பெயரை அவன் சொல்லி எத்தனை நாளாயிற்று.

"வெளிய வலிங்க!" என்றாள் அவள்.

"நோலீன், அவன் உன் தம்பி..." துடுப்புக்காரன் ஒருவன் தயங்கினான்.

"வலிடா!"

படகு கடலை நோக்கித் திரும்பியது. சுக்கான் பிடிப்பவள் முன்னால் வரும் அலையைத்தான் பார்க்க வேண்டும்; கண்ணை எடுத்தால் படகு குறுக்கே விழுந்து கவிழும். தம்பியைத் தன் முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டுப் போனாள். அந்த முதுகை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தடவை கூடத் திரும்பவில்லை.

"மூச்ச இழு!" என்று லிண்டனிடம் கத்தினேன்.

அலை எங்களைப் புதைத்தது. அவன் தோளைப் பிடித்துக்கொண்டு கீழே கிடந்தேன். இரண்டாவது அலையில்தான் அது நடந்தது. கிழிந்த வாய்க்குள் தண்ணீர் புகுந்து மணலைக் கடைந்தது. மூட்டை மெல்ல இளகியது. கையை விட்டு வாரினேன். மூன்றாவது அலை வந்தபோது லிண்டன் கால் விடுபட்டு என் தலைக்கு மேல் மிதந்துகொண்டிருந்தான்.

நுரையிலிருந்து தலையைத் தூக்கினால், படகு பக்கத்தில் நிற்கிறது. நோலீன் ஒரு கையால் சுக்கானைப் பிடித்தபடி, மறு கையால் தம்பியின் ரப்பர் உடுப்பைக் கொத்தாகப் பற்றி உள்ளே இழுத்துப் போட்டாள். என்னை யாரும் இழுக்கவில்லை. நானே ஏறினேன்.

கரையில் அவனை மணலில் கிடத்திப் போர்வை போர்த்தினோம். கணுக்கால் பூசணிக்காயாய் வீங்கியிருந்தது. ஆம்புலன்ஸ் வரும் வரை நோலீன் கடலைப் பார்த்தபடி நின்றாள்.

"மூணு அலைய விட்ட," என்றாள். "அதாலதான் தெரிஞ்சுது. இல்லேன்னா அங்கயே கெடந்திருப்ப."

"மூணும் நல்ல அலை, நோல்."

அவள் சற்று யோசித்தாள். "ரெண்டாவது நல்லா இருந்துச்சு."

நான் அறுத்த மூட்டை அந்த வாரமே வற்றிப்போய்ப் படுத்துவிட்டது. திட்டின் அந்த முனையில் பள்ளம் விழ, அலை நடுவில் பிய்ந்துபோனது. அலைச்சறுக்குக்காரர்கள் என்னைத் திட்டினார்கள், இன்றும் திட்டுகிறார்கள். கரைக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த புயலிலும் சாலை அப்படியே நின்றது. மூட்டையை மாற்றுவோம் என்று மன்றம் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

லிண்டன் தெற்கு முனைக்குப் போய்ச் சறுக்குகிறான். காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிறான். கை தூக்குகிற பழக்கம் அவனுக்கு இன்னும் வரவில்லை. ஆனால் கடலில் இறங்குவதற்கு முன் அக்காவின் கடை வாசலில் ஒரு நொடி நின்று, "போறேன்" என்கிறான். அவள் கொதிக்கும் எண்ணெயைவிட்டுக் கண் எடுக்காமல் "ம்" என்கிறாள்.

அவன் தலை மறைந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து கடலைப் பார்த்து நிற்கிறாள்.