எழும்பாத மா

உஷாந்திக்கு ஆட்களை நம்பாத குணம் பிறவியில் வந்ததல்ல. அதைக் கொடுத்தவள் சிவானி. சிவானி வேறு யாருமில்லை, உஷாந்தியின் சின்னையா, அதாவது அப்பாவின் தம்பி, பெற்ற மகள்; கூடப்பிறக்காத குறைதான். இரண்டு பேரும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில் சேர்ந்திருந்து வடையும் மோதகமும் சுட்டு விற்றார்கள். ஒரு தைப்பொங்கலோடு சிவானி தனியாகப் போனாள். போகும்போது வாடிக்கைக்காரர் எல்லோரையும் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து உஷாந்தி உப்பைக்கூட மற்றவர் பார்க்காமல்தான் போடுவாள்.

பிறகு பிரசாந்தைக் கட்டி, கொட்டாஞ்சேனைக்கு வந்தாள். அவன் துறைமுகத்தில் லொறி ஓட்டியவன். ஒரு நாள் தெகிவளைப் பக்கம் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, களுபோவில ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தான். உஷாந்தி கட்டிலடியிலேயே இருந்து பார்த்தாள். இனி லொறியும் இல்லை, பாரமும் தூக்கக் கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அப்போதுதான் அவள் குசினியில் தோசை மா அரைத்து விற்கத் தொடங்கினாள். அக்கம்பக்கத்தவர்கள் கிண்ணத்தோடு வந்து வாங்கினார்கள். அது கைச்செலவுக்கே சரி. வீட்டைத் தாங்கியது வெள்ளவத்தையில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த ஸவாஹிர்தான். ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் வாளி வாளியாக மா அவருடைய கடைக்குப் போகும். பிரசாந் ஓட்டோவில் கூடப் போய் ஒப்படைத்துவிட்டு வருவான்.

உளுந்து கழுவி, கிரைண்டரில் அரைத்துக் கொடுக்க வந்தவள் எதிர்வீட்டு மெற்றில்டா. செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோனியார் கோயிலுக்குப் போகிறவள். வாய் பெரிது, கை அதைவிடச் சுறுசுறுப்பு. அவளுக்கு ஒரு தங்கை, றோஸி. அந்த றோஸியின் மூத்த மகளைப் போன வருடம் கட்டியவன், சந்தியில் புதிதாக மாக்கடை போட்டிருப்பவனின் தம்பி. இந்தச் சம்பந்தம் நடந்தபோது உஷாந்தியும் போய்ப் பலகாரம் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தாள். அப்போது அதில் ஒன்றும் தெரியவில்லை.

தெரிந்தது, ஸவாஹிர் கடையிலிருந்து போன் எடுத்த அன்றைக்கு.

"என்ன தங்கச்சி இது? மா பொங்கவே இல்லையே. தோசை செருப்புத்தோல் மாதிரிக் கிடக்குது. சாப்பிட வந்தவன் தோசையைப் பார்க்கிறான், பிறகு என்னைப் பார்க்கிறான்."

உஷாந்தி குசினிக்குள் ஓடிப்போய்ப் பார்த்தாள். வீட்டுச் செலவுக்கென்று எடுத்து வைக்கும் பழைய அலுமினியச் சட்டியில் மா மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. அதே உளுந்து, அதே அரிசி, ஒரே அரைப்பு. சட்டி எழும்பியிருக்கிறது, வாளி படுத்திருக்கிறது.

"குளிர் போல," என்றான் பிரசாந்.

"குளிருக்குச் சட்டி எது, வாளி எது எண்டு தெரியுமோ? ஆரோ வாளியில கை வைக்கினம்."

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. உஷாந்தியின் கண் மெற்றில்டாவின் கையை விட்டு அகலவில்லை. சந்திக் கடையில் கூட்டம் நிற்பதாகக் கேள்விப்பட்டபோது அவளுக்கு எல்லாம் பொருந்தி வந்தது. ஒரு மாலை வாளிகளை மூடி, மூடிக்கும் பிடிக்கும் சேர்த்து வெள்ளை நூலால் கட்டி, தனக்கு மட்டும் தெரிந்த மாதிரி முடிச்சுப் போட்டாள். விடியப் பார்த்தால் முடிச்சு போட்டபடியே இருந்தது. உள்ளே மா போட்டபடியே இருந்தது.

வேறொருத்தி என்றால் அதோடு விட்டிருப்பாள். உஷாந்திக்குச் சந்தேகம் கூடியது. மூடிய பிறகு தொடவில்லை என்றால், மூட முன்னம் எதையோ போட்டிருக்க வேண்டும்.

ஸவாஹிர் கடைசியாகச் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பன் தங்கச்சி. பிறகு கோவிக்கக் கூடாது. நானும் கடை நடத்தணும்."

புதன்கிழமை மெற்றில்டா உளுந்து அரைக்க வந்தபோது, உஷாந்தி கதிரையை இழுத்து அவளுக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள்.

"என்னடி, சோதனை மண்டபத்து டீச்சர் மாதிரி இருக்கிறா?"

"சும்மாதான் அக்கா. றோஸியக்காவின்ர மகள் சுகமே?"

"சுகம். ஏன்?"

"மருமகன்ர தமையன்ர கடையில இப்ப நல்ல யாவாரமாம்."

மெற்றில்டா கிரைண்டரை நிற்பாட்டினாள். "சுத்தாம கேளு."

"வீட்டுச் சட்டி எழும்புது. விக்கிற வாளி மட்டும் ஏன் எழும்புதில்ல?"

"அதை மாவைக் கேளு."

"உங்களைத்தான் கேக்கிறன்."

மெற்றில்டா எழுந்து போய் முழங்கை வரைக்கும் கை கழுவினாள். வந்து, ஈரக் கைகள் இரண்டையும் உஷாந்தியின் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தாள்.

"பாரு. நகத்துக்குள்ளயும் பாரு. ஒண்டும் கொண்டு வரவும் இல்ல, கொண்டு போகவும் இல்ல. உன்ட புருஷன் கட்டில்ல கிடக்கக்குள்ள நான் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேனே, அதையும் சந்திக் கடைக்காரன்தான் வாங்கித் தந்தானாக்கும்!"

அவள் போய்விட்டாள். உஷாந்திக்கு உள்ளூர ஒரு நிம்மதி. கள்ளி பிடிபட்டாள் என்று நினைத்தாள். அன்று தன்னந்தனியாக உளுந்தை மறுபடி கழுவி, அரைத்து, உப்புப் போட்டு, கலக்கி, மூடினாள். பிரசாந்தைக்கூடக் கிட்ட விடவில்லை.

வியாழன் காலை சட்டி பொங்கி நின்றது. வாளிகள் படுத்தபடியே கிடந்தன.

இப்போது சந்தேகப்பட அந்த வீட்டில் யார் மிச்சம்? உஷாந்தி ஒரு வாளியைத் திறந்து தலையை உள்ளே விட்டாள். முகத்தில் ஒரு வாடை அடித்தது. அந்த வாடை அவளுக்குத் தெரியும். களுபோவில வார்ட்டில் காலையில் நிலம் துடைத்துக்கொண்டு வரும்போது, பிரசாந்தின் கட்டிலடியில் காலைத் தூக்கிக்கொண்டு இருந்து எத்தனை நாள் மணந்த வாடை!

ஸவாஹிர் கேட்டார் என்று, சுத்தத்துக்கு ஒரு பத்திரம் எடுக்க அவள் கொஞ்ச நாளுக்கு முன் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டிருந்தாள். வந்தவர் நல்ல மனிதர். வாளிகளைக் கிருமி மருந்து விட்டுக் கழுவச் சொன்னார். ஒரு மூடி மருந்து போதும், பிறகு நல்ல தண்ணீரால் வடிவாக அலம்ப வேண்டும் என்றும் சொன்னார். ஒரு மூடியையும் இவள் நம்பவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் போத்தலைச் சரித்து ஊற்றினாள். அலம்பினால் மருந்தின் பலம் போய்விடும் என்று அலம்பவும் இல்லை. வீட்டுச் சட்டியைப் பரிசோதகர் பார்க்கவில்லை. அதனால் அதற்கு மருந்தும் இல்லை.

நல்ல காலம், சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாளிகளில் கிடந்த மாவைக் கொட்டிவிட்டு, வாளிகளைத் தேய்த்து, கொதிதண்ணீர் விட்டுத் திரும்பத் திரும்ப அலம்பி, மணந்து மணந்து பார்த்தாள். புதிதாக அரைத்ததில் வீட்டுச் சட்டி மா ஒவ்வொரு கரண்டி விட்டுக் கலக்கினாள். வெள்ளி விடிய வாளிகள் மூடியைத் தள்ளின.

"இதுதான் மா!" என்றார் ஸவாஹிர் போனில். "இவ்வளவு நாளும் வந்தது என்னது தங்கச்சி?"

"வாளியில பிழை," என்று மட்டும் சொன்னாள்.

பின்னேரம், அந்த அலுமினியச் சட்டி நிறைய மா எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுப் படியில் போய் நின்றாள். மெற்றில்டா உள்ளே வா என்று சொல்லவில்லை. மூடியைத் தூக்கினாள். மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மணந்தாள்.

"இதுக்குள்ள என்ன போட்டிருக்கிறா?"

"ஒண்டுமில்ல அக்கா. உளுந்து, அரிசி, உப்பு."

"நீ உப்பை ஆர் பார்க்கப் போட்டா?"

மெற்றில்டா சட்டியை வாங்கிக்கொண்டு குசினிக்குப் போய்க் கல்லைச் சூடாக்கினாள். முதல் தோசையைத் தட்டில் போட்டு, சம்பலும் வைக்காமல் நீட்டினாள்.

"நீ முதல்ல சாப்பிடு."

உஷாந்தி சாப்பிட்டாள். தொண்டையால் இறங்கும் வரைக்கும் மெற்றில்டா பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகுதான் தனக்கு ஒன்று ஊற்றினாள். "வாளிக்கு என்ன நடந்தது?" என்று கேட்டாள். உஷாந்தி ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள். மெற்றில்டா சிரிக்கவில்லை.

"நாளைக்கு வருவன். ஆனா வேலை முடிஞ்சு போகக்குள்ள நீ என்ட கையைப் பார்க்கணும்."

"ஐயோ, வேண்டாமக்கா."

"பார்க்கணும். பார்க்காட்டி வர மாட்டன்."

சொன்னபடி வந்தாள். இன்றும் வருகிறாள். ஸவாஹிரின் கடைக்கு மா போகிறது. மாலையில் வேலை முடித்து, கை கழுவி, வாசலில் நின்று இரண்டு கையையும் நீட்டுவாள். உஷாந்தி பார்க்காததுபோல் வேறு பக்கம் திரும்பினால் விடமாட்டாள்.

"நகத்துக்குள்ளயும் பாருடி," என்பாள்.