கேட்டவனுக்கு ஒரு செபமாலை

என் அண்ணன் ஆமியில் இருக்கிறான் என்று கொழும்பு கொட்டாஞ்சேனையில் அம்மா யாரிடமும் லேசில் சொல்ல மாட்டார். அந்த யுத்த நாட்களில் ஒரு தமிழ்த் தாய் அப்படிச் சொன்னால், அடுத்த கேள்வி “எந்த ஆமி?” என்பதுதான். அண்ணன் படிக்கப் போன இடத்தில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து, ஈராக்குக்கு அனுப்பப்பட்டிருந்தான்.

தன் கூடாரத்தில் தன்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர் இருப்பதாக எழுதியிருந்தான். அம்மா உடனே பன்னிரண்டு செபமாலை வாங்கி, பங்குச் சுவாமியாரிடம் மந்திரித்துக்கொண்டு வந்தார்.

“அவனுக்கு மட்டும் எப்பிடி அனுப்புறது? மற்றதுகளும் தாய்மார் பெத்த பிள்ளையள்தானே.”

அண்ணனின் கடிதத்தோடு ஒரு அச்சுத்தாளும் வந்திருந்தது. ஈராக்குக்குத் தபாலில் அனுப்பக்கூடாத பொருட்களின் பட்டியல் அது. பன்றி இறைச்சி, மதுபானம் என்று வாசித்துக்கொண்டு போனேன். இஸ்லாத்துக்கு மாறான சமயப் பொருட்களை மொத்தமாக அனுப்பக்கூடாது, ஒருவரின் சொந்தப் பாவனைக்கு அனுப்பலாம் என்றும் இருந்தது.

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. நான் தடுப்பதற்குள் தாளைப் பிடுங்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். அங்கே இருந்த முஸ்லிம் டீச்சர்தான் அம்மாவுக்கு எல்லாவற்றுக்கும் நியாயஸ்தலம்.

“டீச்சர், செபமாலையில உங்கட ஆக்களுக்கு என்ன கோவம்?”

டீச்சர் கண்ணாடியைப் போட்டு நிதானமாக வாசித்தார். பிறகு சிரித்தார்.

“உங்கட மகன் வெச்சிருக்கிறத ஒருத்தரும் வேணாமெண்டு சொல்லல்ல. பெட்டியோட கொண்டு போய்ப் பங்கு வெக்கிறதுதான் வேணாமாம். சரி, அந்த மத்தப் புள்ளைகள் உங்கள்ட்ட மாலை கேட்டதா?”

அம்மா தாளைத் திரும்ப வாங்கி மடித்தார்.

“கேட்டவனுக்கு அனுப்புங்க. கேக்காதவனுக்கு ஏன்?”

அம்மா இரண்டு நாள் டீச்சரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், “யார் யாருக்கு வேணுமெண்டு அண்ணனக் கேட்டு எழுது” என்றார்.

மூன்று பெயர்கள் வந்தன. பதினொரு பேரில் மூன்றே பேரா என்று அம்மாவுக்கு மனத்தாங்கல்தான். ஆனாலும் அண்ணனோடு சேர்த்து நாலு பேருக்கும் தனித்தனியாகக் கடித உறை எடுத்தார். முன்பின் தெரியாத அந்தப் பையன்களுக்கு அம்மா தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். “நேரத்துக்குச் சாப்பிடு” என்பதை ஒருவனுக்கும் விடவில்லை.

தபால் கந்தோரில் சிங்களப் பெண் ஒருத்தி விலாசங்களைப் பார்த்துவிட்டு, “எந்த ஆமி, அம்மே?” என்று கேட்டாள். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “அமெரிக்கா. மகே புத்தா” என்றார், என் மகன் என்று. அந்தப் பெண் உறைக்கு மேலால் மாலைகளைத் தொட்டுப் பார்த்தாள். தன் தம்பியும் ஆமியில், வடக்கில் நிற்பதாக மெதுவாகச் சொல்லிவிட்டு முத்திரை குத்தினாள்.

அடுத்த கடிதத்தில் அண்ணன் எழுதியிருந்தான்: சாமியே கும்பிடாத ஒருவன், தனக்கு மாலை வேண்டாம், தின்ன ஏதாவது கிடைக்குமா என்று கேட்கிறானாம். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். டீச்சரும் வந்து கூட இருந்து, அச்சை மாவில் தோய்த்துக் கொக்கிஸ் பலகாரம் சுட்டார். அதைப் பன்னிரண்டு பேருக்கும் மொத்தமாகவே அனுப்பினோம்.

அண்ணன் சுகமாகத் திரும்பினான். கொக்கிஸ் கேட்டவன் இன்றும் ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் அம்மாவுக்கு வாழ்த்து மடல் போடுகிறான். கொட்டாஞ்சேனையை ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு விதமாகப் பிழைவிட்டு எழுதுகிறான். எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது.