கவசம் போட்டவன் ஓடுவானா

கோலாலம்பூரில் விடுதிப் பள்ளியில் படித்த என் பெரியம்மா மகன், ஒரு லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது விட்டுப்போன பெட்டி அது. உள்ளே ஓர் ஆங்கிலப் புத்தகம், கட்டம் போட்ட தாள்கள், இருபது முகம் கொண்ட பகடை ஒன்றும் வேறு சில பகடைகளும். காகிதத்தில் ஒரு வீரனை உருவாக்கிக்கொண்டு, பாழடைந்த கோட்டைக்குள் புகுந்து, பூதங்களோடும் காவலர்களோடும் சண்டை போடும் விளையாட்டு. அடி விழுமா விழாதா என்பதைப் பகடை சொல்லும். மற்றதையெல்லாம் புத்தகம் சொல்லும். புத்தகம் என்ன சொல்கிறது என்பதை நான் சொல்வேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அந்த ஆங்கிலத்தைப் படிக்கக்கூடிய பையன் நான் ஒருவன்தான் என்ற திமிர் அப்போது எனக்கு நிறையவே இருந்தது.

எதிரே உட்கார்ந்து விளையாடியவன் லயத்துப் பையன்; தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் வளர்ந்தவன். என்னைப்போலவே பதினெட்டு வயது. பக்கத்து ஊரான தானா ராத்தாவில் ஒரே வகுப்பில் படித்து முடித்துவிட்டு இருவரும் சும்மா இருந்த மாதங்கள்; எண்பதுகளின் தொடக்கம். என் அப்பா தோட்டத்துக் கிராணி, ஆபீசில் துரைக்கு அடுத்த ஆள். அவன் அம்மா கொழுந்து பறிப்பவர். ஞாயிறு மத்தியானங்களில் அவன் எங்கள் வீட்டுக்குப் பின்பக்கமாக வருவான். சமையற்கட்டை ஒட்டிய சாமான் அறையில் உட்காருவோம். ஹாலுக்கு வராதே என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய அவசியமே வரவில்லை.

அவனுடைய வீரன் ஒரு திருடன். தோல் சட்டை, இரண்டு கத்தி, அவ்வளவுதான். எதிரிகளை நடத்துவது என் வேலை. அவர்களில் என் செல்லப்பிள்ளை கோட்டைக் காவல் தலைவன்: தலை முதல் கால் வரை இரும்புக் கவசம், கேடயம், ஆள் உயர வாள். அவன்மேல் ஓர் அடி விழுவதற்குப் பகடையில் பெரிய எண் வேண்டும். திருடன் ஒரு குத்துக் குத்திவிட்டு நான்கு கட்டம் தள்ளிப் போய் நிற்பான். என் தலைவன் திரும்புவதற்குள் பின்னால் வந்து இன்னொரு குத்து. இப்படியே மூன்று ஞாயிறு.

"அவன் வாளு எம்புட்டுப் பெருசா இருந்தா எனக்கென்ன லா? அது வர்ற இடத்துல நான் இருந்தாத்தானே வெட்டுப்படும்," என்று சிரிப்பான். லயத்துக்காரன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதை இப்போது எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது ஞாயிறு அவனுடைய திருடன் கோட்டைக்குள் இருந்த கிரீடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினான். "தலைவன் துரத்திப் பிடிச்சிட்டான்," என்றேன்.

"எப்படிடா பிடிப்பான்? அம்புட்டு இரும்பையும் மாட்டிக்கிட்டு ஓடுவானா? எங்கம்மா கூடை நெறைய கொழுந்தோட மலை இறங்குறத நீ பாத்ததே இல்லையா? புக்குல என்ன போட்டிருக்குனு பாரு."

பார்த்தேன். இருந்தது. இரும்புக் கவசக்காரன் தோல் சட்டைக்காரனைவிடப் பாதித் தூரம்தான் நகரலாம் என்று அட்டவணையில் பளிச்சென்று போட்டிருந்தது.

"ஒண்ணும் போடல," என்றேன்.

அவன் புத்தகத்தை வாங்கிப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தான், நம்பினான். "அப்ப ஓடிப் பாத்தாத்தான் தெரியும்," என்றான். நான் பிடித்த முயலுக்கு மூன்று கால். உடனே சரி என்றேன். அதே அட்டவணையில் பக்கத்துக் கட்டத்திலேயே கவசத்தின் எடையும் இருந்தது. அதை மட்டும் வாசித்துக் காட்டினேன்: ஏறக்குறைய இருபத்தைந்து கிலோ.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். பத்து நாளில் அவனுக்குக் குவாந்தானில் போலீஸ் வேலைக்கான ஓட்டத் தேர்வு இருந்தது. தினமும் விடிந்ததும் லயத்திலிருந்து பெரிய ரோடு வரை ஓடிப் பழகிக்கொண்டிருந்தான். அப்பா இல்லாத வீடு. அடுத்த வருடம் அம்மாவுக்கு வேலை முடிகிறது. தோட்டத்தில் வேலை செய்ய ஆள் இல்லாத குடும்பம் லயத்து வீட்டைக் காலி செய்யவேண்டும். போலீசில் சேர்ந்தால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அப்பாவின் சாவிக்கொத்தை எடுத்தேன்.

கொழுந்து நிறுக்கும் கொட்டகை ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும். திறந்து, இரண்டு காலி உரச் சாக்குகளில் மண்ணை அள்ளிப்போட்டு, இரண்டும் சேர்ந்து இருபத்தைந்து கிலோ வரும்வரை தராசில் நிறுத்துப் பார்த்தோம். ஒன்று நெஞ்சுக்கு, ஒன்று முதுகுக்கு. கவசம் போட்டவன் ஓடுவான் என்று சொன்னவன் நான். சாக்கை நான்தான் மாட்டியிருக்கவேண்டும்.

"நீ போட்டுக்க லா. உனக்குத்தான் தூக்கிப் பழக்கம்," என்றேன்.

ஏன் நீ போடக்கூடாது என்று நியாயப்படி அவன் என்னைக் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. கயிறு கட்ட வசதியாக இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். கிராணி வீட்டுப் பிள்ளை சுமக்கமாட்டான் என்பது அவனுக்கும் எனக்கும் சொல்லித் தெரியவேண்டிய விஷயமா? கட்டினேன். இறுக்கியே கட்டினேன்.

கொட்டகையிலிருந்து ரோட்டுக்கு இறங்கும் செம்மண் பாதை. காலையில் பெய்த மழையில் ஊறியிருந்தது. நான் வெறும் ஆளாக முன்னால் ஓடவேண்டும், அவன் துரத்திப் பிடிக்கவேண்டும். ஓடினேன். இருபத்தைந்து கிலோவோடும் அவன் நன்றாகத்தான் ஓடினான். இருந்தாலும் எங்களுக்கிடையே தூரம் கூடிக்கொண்டே போனது. புத்தகம் சொன்னபடியே. அதனால் நான் வேகத்தைக் குறைத்தேன். அவன் என்னைத் தொட்டுவிட்டால் போதும், நான் சொன்னது சரியாகிவிடும். அவன் மூச்சு என் பின்கழுத்துக்குப் பக்கத்தில் கேட்டது. பாதை திரும்பும் இடத்தில் ஒரு கான், மழைத்தண்ணீர் ஓடுவதற்குக் கல் பதித்து வெட்டியது. என்மேல் பாரம் இல்லை, சட்டென்று ஒதுங்கிவிட்டேன். அவனால் நிற்க முடியவில்லை. நெஞ்சுச் சாக்கு இழுத்த பக்கம் போனான். முட்டி கல்லில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது.

அதன்பிறகு நான் செய்ததை யாரிடமும் சொன்னதில்லை. ஆள் கூப்பிட ஓடவில்லை. முதலில் கயிற்றை அவிழ்த்தேன். மண்ணைக் கொட்டினேன். சாக்குகளைச் சுருட்டிக்கொண்டு மேலே போய், இருந்த இடத்தில் வைத்து, கொட்டகையைப் பூட்டினேன். அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற ஒரே நினைப்பு. மழை மறுபடி பிடித்துக்கொண்டது. அவன் கீழே அதில் கிடந்து முனகினான். நான் இறங்கி வந்தபோது, காய்கறி லோரிக்காரர்கள் இரண்டு பேர் சத்தம் கேட்டு ஏறிவந்து அவனைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். தானா ராத்தா ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் இருந்தான். அந்தக் கால் பிறகு முழுதாக மடங்கவேயில்லை.

பந்து விளையாடும்போது விழுந்துவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னான். அவனாகவேதான் சொன்னான். என் அப்பா துரையிடம் பேசி அவனுக்குத் தொழிற்சாலையில் உட்கார்ந்து செய்கிற வேலை வாங்கிக் கொடுத்தார். லயத்து வீடு கைவிட்டுப் போகவில்லை. அவன் அம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு எங்கள் பின்வாசலில் வந்து நின்று, "கிராணி ஐயா புள்ளகுட்டிங்க நல்லா இருக்கணும்," என்று கையெடுத்துக் கும்பிட்டார். அந்தப் புள்ளை சாமான் அறைக் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

நான் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய்விட்டேன். ஐந்தாறு வருடம் கழித்து, அவனுக்குக் கல்யாணமாகிவிட்டது என்று கேள்விப்பட்டு, ஒரு லீவில் லயத்துக்குப் போனேன். முன்வாசல் வழியாக என்னை உள்ளே கூட்டிப்போய், இருந்த ஒரே நாற்காலியில் உட்காரவைத்தான். காலை நீட்டியபடி அவன் தரையில் உட்கார்ந்தான். அவன் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"இவன்தான் நான் சொன்ன ஆளு," என்றான் அவளிடம். "பந்து வெளையாடுறப்ப நான் கான்ல விழுந்தேன்ல, இவன்தான் என்னை முதுகுல தூக்கிக்கிட்டு ரோட்டு வரைக்கும் இறங்குனான். மழை வேற. இவன் இல்லாட்டி அன்னிக்கு நான் அங்கேயே கெடந்திருப்பேன்."

கிண்டல் செய்கிறானா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. அவளிடம் பலமுறை சொல்லிய கதை என்பது மட்டும் தெரிந்தது. அவள் என்னை மரியாதையோடு பார்த்தாள்.

"அம்புட்டுத் தூரம் ஒத்த ஆளா தூக்கிக்கிட்டு வந்தீங்களா அண்ணே?"

அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமாம்மா," என்றேன். "நல்ல கனம்."