கோணல் பதக்கம்

பீரோவில் பட்டுச் சேலைகளுக்கு அடியில், ஒரு சுருக்குப் பைக்குள் அந்தப் பதக்கத்தை வைத்திருக்கிறேன். வருஷத்தில் ஒரு நாள்தான் அதை எடுத்துக் கழுத்தில் போடுவேன். புளியங்கொட்டை அளவில் தேன் நிறக் கல், அதைச் சுற்றிச் செப்புக் கம்பி. கம்பி ஒரு பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கிறது; மறுபக்கம் கல்லை விட்டு விலகி நிற்கிறது. கயிறு கோக்கும் வளையம் ஓரமாகப் போய்விட்டதால் போட்டுக்கொண்டால் சாய்ந்துகொள்ளும். ஒரு நுனியில் பல் பதிந்த தடம்கூட இருக்கிறது. அதைச் செய்தவள் கையிலிருந்து வந்த அத்தனை நகைகளிலும் இவ்வளவு அவலட்சணமாக இன்னொன்று கிடையாது. இன்று காலை அதை எடுத்தபோது விரல்கள் சில்லிட்டிருந்தன. ஸ்கேன் எடுக்கப் போகிற நாளில் எனக்கு எப்போதும் அப்படித்தான்.

தென்காசியில் ஒரு ஸ்கேன் மையத்தின் வரவேற்பு மேஜையில் சில வருஷங்கள் வேலை பார்த்தேன். நான் சரியான பயந்தாங்கொள்ளி. பல்லி கத்தினால் சகுனம் பார்க்கிற ஆள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள்; எனக்கோ அங்கே பளிச்சென்று வெள்ளையாகக் கிடந்த அந்த இயந்திரம்தான் பேய். உள்ளே போனவர்களின் சொந்தக்காரர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், எனக்கு என்னமோ தெரியும் என்பதுபோல. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம்தான். சில நேரம் டெக்னீஷியன் தம்பி கதவைத் திறந்து, "ஊசி போட்டு இன்னொரு தடவை எடுக்கணும்" என்பான். படத்தில் எதையோ பார்த்திருக்கிறான், அதை இன்னும் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். அந்த வார்த்தையைக் கேட்டால், உள்ளே இருப்பது யாரோ எவரோ, நான் முருகனைக் கூப்பிடத் தொடங்கிவிடுவேன்.

அங்கே பெண்கள் உடை மாற்றும் அறைக்குப் பொறுப்பாக இருந்தவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பதை நெருங்கிய வயது. உள்ளே இருப்பது பெரிய காந்தம். இரும்பு எதுவும் போகக் கூடாது. ஒரு தடவை ஒரு அம்மாளின் கொண்டையிலிருந்து ஹேர்பின் பிய்த்துக்கொண்டு பறந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதனால் அக்கா ஒவ்வொருத்தியையும் தலை முதல் கால்வரை சோதிப்பாள். நம் பெண்கள் தாலிச் சங்கிலியை ஊக்கு மாட்டும் ஆணியாக அல்லவா வைத்திருக்கிறார்கள்! "ஊக்கு யாவாரம் பாக்கியளோ?" என்று கேட்டு, நடுங்கிக்கொண்டு வந்தவளைச் சிரிக்க வைத்துவிடுவாள்.

வாரா வாரம் வியாழக்கிழமை அக்காவுக்கு ஒரு போட்டி உண்டு. கைபேசியில் கம்பி நகை செய்கிற ஏதோ ஒரு குழு வாரம் ஒரு சவால் வைத்ததைப் பார்த்துத் தொடங்கியவள், பிறகு விதிகளைத் தானே போட்டுக்கொண்டாள். குற்றாலத்தில் சீசன் கடைகளில் வாங்கிய கல் மாலைகளை அறுத்து ஒரு பவுடர் டப்பாவில் போட்டிருப்பாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை எடுப்பாள். மோட்டாருக்குக் காயில் சுற்றித் தருகிற கடையில் வாங்கிய செப்புக் கம்பியில் ஒரு முழம். நடுவில் வெட்டக் கூடாது. வளைத்ததை நிமிர்த்தக் கூடாது. மையம் பூட்டுவதற்குள் அது மோதிரமோ, தொங்கட்டானோ, ஏதோ ஒன்றாகிவிட வேண்டும். வேலைக்கு நடுவே, குறடும் கையுமாக, காத்திருப்போர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து செய்வாள். ஒரு கொடி காய்ந்த மரத்தைச் சுற்றி ஏறுவதுபோல கம்பி அவள் விரலுக்குள் கல்லைச் சுற்றி ஏறும். செய்ததைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிடுவாள். தான் ஒன்றும் போட்டுக்கொள்ள மாட்டாள்.

"எதுக்குக்கா இந்தப் பாடு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரர ஆஸ்பத்திரியில உள்ள வச்சிருந்தப்ப வெளிய சும்மா உக்காந்திருந்தேன்ட்டி. சேலை முந்திய நூல் நூலா பிச்சுப் போட்டுட்டேன். பயந்தவ கைக்கு ஒரு சண்டை வேணும். இது எனக்கும் கம்பிக்கும் சண்டை" என்றாள்.

அவள் கணவர் உயிரோடு திரும்பி வரவில்லை. பொட்டில்லாத அந்த நெற்றியைப் பார்த்ததும், தாலியைக் கழற்றிய பெண்களின் கை பாதியில் நின்றுவிடும். தாலியைத் தட்டில் வைக்கவும் மனம் வராது, அவள் கையில் கொடுக்கவும் மனம் வராது. அக்கா அந்தச் சங்கடத்துக்கே இடம் வைக்க மாட்டாள். தன் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவாள். நான் போய் வாங்கிக்கொண்டு, கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாதென்று ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிவிடுவேன். அந்தக் கயிறுகளில் மஞ்சள் துண்டு முடிந்து அடுக்கி வைப்பது மட்டும் அக்காதான். எனக்கு அது ஒவ்வொரு முறையும் வலிக்கும்.

பிறகு எனக்கே தலைவலி தொடங்கியது. பக்கவாட்டில் வருகிற ஆட்டோ கண்ணுக்குத் தெரியாமல் போனது. டாக்டர் சீட்டில் தலைக்கு ஸ்கேன் என்று எழுதியதைப் படித்ததும் நான் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. மற்றவர்களுக்காவது என்னவென்று தெரியாது. எனக்கு ஒவ்வொரு படியும் தெரியும். ஸ்கேனுக்கு எங்கள் மையத்துக்கே போனேன்; இலஞ்சியிலிருந்து அத்தையும் கூட வந்தார். என் கணவரைப் பெற்றவர். நான் தாலியைக் கழற்றியதும், "எங்கிட்ட குடுட்டி" என்று கை நீட்டினார். அந்தக் கை நடுங்கியது. அக்கா வழக்கம்போல முந்தானைக்குள் கையை இழுத்துக்கொண்டிருந்தாள். நான் அந்தக் கையைப் பிடித்து இழுத்து, தாலியை வைத்து, விரல்களை மூடினேன். இதைத் துணிச்சல் என்று யாரும் நினைக்க வேண்டாம். பயம்தான். நடுங்காத ஒரு கை எனக்கு அப்போது வேண்டியிருந்தது.

"வேண்டாம்ட்டி, அத்தைகிட்ட குடு. எதுக்கு வம்பு?" என்றாள் அக்கா. அத்தையின் முகம் வெளிறிவிட்டது. தன் மகனின் ஆயுசையே நான் தூக்கிக் கொடுத்துவிட்டதாக அவர் நினைத்திருப்பார். எதிர்ப் பெஞ்சில் போய் உட்கார்ந்து, அந்த மூடிய கையையே பார்த்தார்.

உள்ளே தலையைச் சுற்றிக் கூண்டு மாட்டினார்கள். இயந்திரம் தகரத்தில் கல் எறிவதுபோல இடித்தது. கண்ணைத் திறந்தால் மூக்குக்கு மேலேயே வெள்ளைச் சுவர். அந்த ஒரு வாக்கியம் மட்டும் வரக் கூடாது முருகா என்று வேண்டிக்கொண்டே கிடந்தேன். வந்தது. வழக்கமாக என்னிடம் சொல்லுகிறவன், என் முகத்தைப் பார்க்காமல், "ஊசி போட்டு இன்னொரு தடவை எடுக்கணும்" என்றான்.

ஊசி ஏற்ற வெளியே கூட்டி வந்தபோதுதான் அக்காவைப் பார்த்தேன். அன்றைக்கும் வியாழக்கிழமை. கல்லை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, கம்பியின் ஒரு நுனியைப் பல்லால் கடித்து, மறுநுனியை இடது கையால் சுற்றிக்கொண்டிருந்தாள். கீழுதட்டில் கம்பி கிழித்து ரத்தம் துளிர்த்திருந்தது. வலது கை மூடியபடி மார்போடு ஒட்டியிருந்தது. நான் மூடிவிட்ட அதே கை. தட்டில் வைக்கவில்லை, மடியில் வைக்கவில்லை, இடது கைக்குக்கூட மாற்றவில்லை.

"கீழ வச்சா நாளைக்கு என்னாலதான் ஆச்சுன்னு ஒரு சொல்லு வந்துரும்லா" என்றாள், கம்பியைப் பல்லிலிருந்து எடுத்து. அப்போது பார்த்தேன், அவள் தாடையும் நடுங்கிக்கொண்டிருந்தது. தாலிக்காகக் கை நீட்டினேன். அவள் கையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "எனக்கு இன்னும் சண்டை முடியல. நீ போயிட்டு வா" என்றாள்.

பட்டாணியைவிடச் சின்னதாக ஒரு கட்டி. இப்போதைக்குக் கத்தி வைக்க வேண்டாம், மாத்திரை போதும், வளர்கிறதா என்று வருஷத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்றார்கள். தாலியைத் திருப்பித் தந்தபோது அக்காவின் உள்ளங்கையில் அதன் அச்சு சிவப்பாகப் பதிந்திருந்தது. கூடவே அந்தக் கோணல் பதக்கத்தையும் தந்தாள். "வளைச்சத நிமித்தக் கூடாதுல்லா, அப்படியே வச்சுக்கோ" என்றாள். அத்தை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா இப்போது ராயகிரியில் மகள் வீட்டில் இருக்கிறாள். நானும் வேலையை விட்டுவிட்டேன். மையத்தில் புது இயந்திரம், புது ஆட்கள். இதுவரை ஒவ்வொரு வருஷமும் ஊசி இல்லாமலே முடிந்து, "அப்படியேதான் இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு வருஷமும் அதை நம்ப எனக்கு ஒரு வாரம் ஆகும். நம்பி முடித்தபின் அடுத்த வருஷத்தை நினைத்துப் பயப்படத் தொடங்குவேன்.

இன்று உடை மாற்றும் அறையில் ஒரு சின்னப் பெண் லாக்கர் சாவியை நீட்டினாள். "நகையெல்லாம் இதுல வச்சிருங்கக்கா."

"லாக்கர்லாம் வேண்டாம்மா" என்றார் அத்தை. என் கழுத்திலிருந்த பதக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அவ வந்திருந்தா நல்லாருந்திருக்கும். சரி, எங்கிட்ட குடு." தாலியையும் பதக்கத்தையும் சேர்த்து அவர் வலது கையில் வைத்தேன். அவரே மூடிக்கொண்டார். என் கணவர் எதிர்க் கடையிலிருந்து காபி வாங்கி வந்து பக்கத்தில் வைத்தார்.

புது இயந்திரமும் பழையதைப் போலத்தான் இடிக்கிறது. சத்தம் நின்று பலகை வெளியே நகர்ந்ததும் எழுந்து வந்தேன். பெஞ்சில் காபி ஆடை படிந்து ஆறிக் கிடந்தது. என்னைக் கண்டதும் அத்தை முகம் மலர்ந்து, கையை விரித்துத் தாலியை நீட்டினார். கல்லும் கம்பியும் அவர் உள்ளங்கையில் கோணலாக அச்சு வைத்திருந்தன.

எனக்குப் பின்னால் கதவு திறந்தது. "அக்கா, ஊசி போட்டு இன்னொரு தடவை எடுக்கணும்."

அத்தை என்னைப் பார்த்தார். பிறகு விரல்களை மறுபடியும் மூடிக்கொண்டார்.