ஒரு பெட்டி, இரண்டு கொம்பியூட்டர்

கொம்பியூட்டர் திருத்துறவனுக்குப் பழுதான பெட்டியாலை வாற கரைச்சல் கொஞ்சம்தான்; மிச்சம் முழுக்க அந்தப் பெட்டியைச் சுத்தி நிக்கிற சனத்தாலை. என்னைப்போல இதிலை கிடந்து சீரழியிற ஆக்களே, உங்களுக்கு இது விளங்கும்.

மூளை எதுக்கு?

கிளிநொச்சிப் பக்கம் ஒரு கமக்காரர் சங்கம். அவையிட்டை இருக்கிறது ஒரே ஒரு சேர்வர்ப் பெட்டி, ஆரோ வெளிநாட்டுக்காரர் பாவிச்சுக் கழிச்சுத் தந்தது. அங்கத்தவரின்ரை பேரும் வயல் விபரமும் இருக்கிற பழைய புரோகிராம் பழைய விண்டோஸிலை மட்டும்தான் ஓடும். கமநலக் கந்தோருக்கு விதைநெல் பட்டியல் அனுப்புற புரோகிராமுக்குப் புது விண்டோஸ் வேணும். மழைக்கு முதல் பட்டியல் போகாட்டில் காலபோக விதைப்புக்கு விதைநெல் இல்லை.

ஒரே பெட்டிக்குள்ளை இரண்டு கொம்பியூட்டரை ஓடவிடலாம், ஆனால் இந்தப் புரொசசருக்கு அந்த வசதி இல்லை, அதை மாத்தவேணும் எண்டு தலைவருக்கு அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினன். மூளை மாத்துற மாதிரி எண்டும் சொன்னன். மனிசன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுப்போட்டுச் சொன்னார்: "தம்பி, இடம்பெயர்ந்து முகாமிலை ஒரு கூடாரத்துக்குள்ளை நாங்கள் நாலு குடும்பம் இருந்தனாங்கள். ஒருத்தரும் எங்களுக்கு மூளை மாத்தேல்லை."

வவுனியாக் கடை

பழைய சாமான் கடைக்காரனுக்குப் புரொசசர் நம்பரைத் துண்டிலை எழுதியே குடுத்தனான். அவன் வேறையொண்டைச் சுத்தித் தந்தான். நானும் விசரன், பாக்காமல் கொண்டுவந்திட்டன். பூட்டினால் பெட்டி ஓடுது, கேட்ட வசதி மட்டும் இல்லை. திருப்பியும் பஸ் ஏறிப் போய் முகத்துக்கு நேரை நீட்டினன். அவன் தேத்தண்ணி குடிக்கிறதைக்கூட நிப்பாட்டேல்லை. "பொருந்துதுதானே அண்ணை, அதுக்குமேலை என்ன வசதி தேடுறியள்?"

பொட்டு

மாத்தி எடுத்த சரியான சாமானோடை நான் போன அண்டைக்குச் சங்கத்திலை வாணி விழா. மேசையிலை வைச்சிட்டுக் கை கழுவப் போன நேரத்துக்குள்ளை தலைவர் அதைச் சரஸ்வதி படத்துக்கு முன்னாலை வைச்சுச் சந்தனப் பொட்டும் வைச்சிட்டார். எங்கை வைச்சார் தெரியுமோ? கீழ்ப்பக்கத்திலை, மின்சாரம் பாயிற பொன்னிறப் புள்ளியளுக்கு மேலை! எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஸ்பிரிட்டாலை ஒவ்வொரு புள்ளியாய்த் துடைச்சுப் பூட்டி, மேற்பக்கத்திலை சூடு கடத்துற களியைப் பூசிக்கொண்டிருக்கேக்கை மனிசன் எட்டிப் பாத்தார்: "உங்கடை களியை விட எங்கடை சந்தனம் என்னத்திலை குறைஞ்சு போச்சு?"

பட்டியல்

பெட்டி ஓடிச்சுது. செற்றிங்கிலை அந்த வசதியைத் திறந்துவிட, இரண்டு விண்டோஸும் ஒரே திரையிலை வந்து நிண்டுது. எனக்கு அந்தரத்திலை மிதக்கிற மாதிரி. "இனிப் பட்டியலை அனுப்புங்கோ அக்கா" எண்டு அங்கை கிளார்க்காய் இருக்கிற கமலாக்காவிட்டைப் பெரிய எடுப்பாய்ச் சொன்னன்.

அவா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா. நான் வவுனியாவுக்கு அலைஞ்ச நாளிலை, பழைய புரோகிராமைப் பாத்து எல்லாற்றை பேரையும் கொப்பியிலை எழுதி, கமநலக் கந்தோரிலை தானே கொண்டுபோய்க் குடுத்திருக்கிறா. "விதைநெல் போன கிழமையே வந்து சனம் விதைச்சும் முடிஞ்சுது தம்பி. நீங்கள் வருமட்டும் மழை பாத்துக்கொண்டு நிக்குமோ?"

இரண்டு கொம்பியூட்டரும் அந்த ஒரு பெட்டிக்குள்ளை இண்டைக்கும் திறமாய்த்தான் ஓடுது, திரையைப் போட்டுப் பாக்கத்தான் ஒருத்தரும் இல்லை.