தொங்கிய ஒயரின் நுனி

துறைமுகச் சாலையில் ஒரு கண்டெய்னர் ஆபீசைப் பெருக்கித் துடைப்பது என் வேலை. அங்கே எல்லாருக்கும் நான் ஆச்சி. அஞ்சாம் வகுப்போடு சரி. நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. மேனேஜர் அண்ணாச்சி ஏதாவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். வருஷக்கணக்காக அப்படியே ஓடிவிட்டது.

போன மாசியில் ஒரு காலை. முன் மேசைக்கு அடியில் எப்போதும் விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கும் சின்னப் பெட்டி ஒன்று உண்டு. அதிலிருந்து புது நீல ஒயர் ஒன்று தொங்கித் தரையில் கிடந்தது. ஒரு நுனி பெட்டியில் இருந்தது, மறு நுனி சும்மா கிடந்தது. முந்தின நாள் கம்ப்யூட்டர் பார்க்கும் பிள்ளை போட்டது. ஈரத்துணி பட்டுவிடுமே என்று எனக்குக் கவலை. பெட்டியில் அதே அளவில் ஒரு துளை காலியாக இருந்தது. நுனியை அதில் செருகினேன். டிக் என்று பிடித்துக்கொண்டது. பச்சை விளக்கும் எரிந்தது. சரியான இடத்தில்தான் வைத்திருக்கிறோம் என்று துடைத்துவிட்டுப் போனேன்.

ஆபீஸ் திறந்ததும் ஒரு கம்ப்யூட்டரும் அசையவில்லை. அங்கே சீட்டு அடித்துக் கொடுத்தால்தான் கண்டெய்னர் லாரி துறைமுகத்துக்குள் போக முடியும். லாரிகள் வாசலிலிருந்து உப்பளம் வரை நின்றுவிட்டன. சாயங்காலத்துக்குள் போகாத கண்டெய்னர்களைக் கப்பல் விட்டுவிட்டுப் போய்விடும்.

அந்தப் பிள்ளை ஓடி வந்தாள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள், வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மாடியில் பெரிய அலமாரியைத் திறந்து ஒவ்வொரு ஒயராகக் கழற்றி மாட்டினாள். இறங்கி வந்து, இத்தனை துளையில் எந்தப் போர்ட்டில் கோளாறு என்றே தெரியவில்லை என்று போனில் யாரிடமோ சொன்னாள். சீட்டுக்கு நின்ற டிரைவர் ஒருவர், "போர்ட்ல ஒண்ணும் இல்லையேம்மா, நான் இப்பத்தான் அங்கன இருந்து வாரேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

மேனேஜர் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மத்தியானம் வரைக்கும் பாரு. இல்லைன்னா மதுரையில இருந்து ஆள் வரச் சொல்லுதேன். நீ நாளையில இருந்து வர வேண்டாம்."

நான் மேசைக்கு அடியில் பார்த்தேன். தினமும் அந்த விளக்குகள் ஒவ்வொன்றும் அதனதன் போக்கில் மினுங்கும். இப்போது எல்லாம் சேர்ந்து வெறி பிடித்தது போல அடித்துக்கொண்டிருந்தன. நான் செருகிய ஒயர்தான் காரணம் என்று பட்டது. டீ கொடுக்கும் சாக்கில் இரண்டு தடவை அவள் பக்கத்தில் போனேன், டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். மூன்றாம் தடவை அவள் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மேசைக்கு அடியில அந்த நீல ஒயரை நான்தான் சொருகினேன், பிள்ள."

ஆபீசே திரும்பிப் பார்த்தது. அவள் தவழ்ந்து போய் அந்த நுனியை உருவினாள். விளக்குகள் அடங்கின. கொஞ்ச நேரத்தில் சீட்டு அடிக்கும் மிஷின் கரகரவென்று ஓட ஆரம்பித்தது.

"ஆச்சிக்குப் பேச்சு வருமா?" என்றார் மேனேஜர்.

அந்தப் பெட்டிக்கு ஸ்விட்ச் என்று பெயராம், அவள்தான் சொன்னாள். அதன் துளை ஒவ்வொன்றும் ஒரு வாசல் மாதிரியாம். யாருக்கு என்று தெரியாத சேதி வந்தால் எல்லா வாசலிலும் போய்க் கேட்குமாம். நான் ஒரே ஒயரின் இரண்டு நுனியையும் அதிலேயே செருகியதில், கேட்ட கேள்வி அதற்கே திரும்பி வந்து, அது புதுசு என்று நினைத்து மறுபடி மறுபடி கேட்டிருக்கிறது. மற்ற சேதிக்கு வழியில்லாமல் நெரிசலாகிவிட்டது. எங்கள் தெருவில் புரளியும் அப்படித்தான், கிளப்பினவள் காதுக்கே வந்து சேரும், அவளும் புதுச் சேதி போல மறுபடி கிளப்புவாள் என்றேன். அப்போதுதான் அவள் சிரித்தாள்.

மேனேஜரிடம் அவள் பழியை என் மேல் போடவில்லை. நுனியைத் தொங்கவிட்டது தன் தப்பு என்றாள். இப்படிச் சேதி சுற்றினால் அந்த வாசலைத் தானே அடைத்துக்கொள்ளும் பெட்டியும் இருக்கிறதாம்.

"சரி, நாளைக்கு வந்து அதை மாட்டு" என்றார் அவர்.

மறுநாள் புதுப் பெட்டியோடு வந்தவள் நேராக என்னிடம் வந்தாள்.

"நீங்கதான் தெனமும் குனிஞ்சு பாக்குதீய ஆச்சி. தண்ணி படாம எங்க வைக்கலாம்?"

நான் தூணைக் கை காட்டினேன். மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார். கை காட்டினால் மட்டும் போதாது என்று பட்டது.

"இடுப்புக்கு மேல வை பிள்ள. மழைன்னா வாசல் தண்ணி இங்கன வரைக்கும் வரும்."